நிலாவுக்கு ரீசார்ஜ் தேவையில்லை

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. நாளைக் காலை உங்கள் ஊர் செல்போன் டவர் செத்துப்போனால், பக்கத்து ஊருக்கு எப்படித் தகவல் சொல்வீர்கள்?

'வாட்ஸ்அப்பில் சொல்லிடலாம்' என்று வீட்டில் பையன் சொன்னால் சிரிக்காதீர்கள். பேரிடர் மேலாண்மை என்ற பெயரில் நாம் போடும் பல திட்டங்கள் இதே பதிலைத்தான் வழவழப்பான பேப்பரில் அச்சடித்து வைத்திருக்கின்றன. அதிகாரிகள் பெயர், எதிரே செல்போன் நம்பர். அடுத்த பக்கம், இன்னும் சில செல்போன் நம்பர். டவர் நின்றால் அந்தப் புத்தகத்தை மடித்து விசிறிக்கொள்ளலாம். மின்விசிறியும் அப்போது ஓடாது.

கோலியனூரை எடுத்துக்கொள்வோம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கும் ஊர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். புத்துவாயம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். மற்றபடி சென்னைக்காரர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுகிற ஊர்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்ததோடு போய்விடவில்லை. அசையாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. புதுச்சேரியில் கிட்டத்தட்ட அதே அளவு. டிசம்பர் 2-ஆம் தேதி விடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரை புரண்டது. அரசூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் வெள்ளம். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்ட, ரயில்கள் நின்றன. சாலை போச்சு, ரயில் போச்சு, கரண்ட் போச்சு. மிச்சம் இருந்தது, பேட்டரி இறங்கிக்கொண்டிருந்த ஒரு செல்போன்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். செல்போன் ஆகாயத்தின் வழியாகப் பேசுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆகாயப் பயணமெல்லாம் உங்கள் கையிலிருந்து டவர் வரைக்கும்தான். அதற்குமேல் பெரும்பாலும் சாலையோரம் பள்ளம் தோண்டிப் புதைத்த கண்ணாடி இழைக் கேபிள். டவருக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் இல்லையென்றால் பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கு டீசல். டீசல் வர லாரி. லாரி வர சாலை. அந்தச் சாலையில்தான் வெள்ளம் ஓடுகிறது! உங்கள் அதிநவீன ஸ்மார்ட்போனின் உயிர், கடைசியில் ஒரு டீசல் கேனில் வந்து முடிகிறது.

2011 டிசம்பரில் தானே புயல் கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் கடலோரத்தைப் புரட்டிப் போட்டது. 2015 டிசம்பரில் சென்னையே முழுகியது. 2018 நவம்பரில் கஜா லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்களைச் சாய்த்தது. ஒவ்வொரு தடவையும் நடந்தது ஒன்றுதான். எப்போது போன் கட்டாயம் தேவையோ, அப்போது போன் இல்லை. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வடிந்ததும் நாம் அதை மறந்தோம்.

சரி, இதற்கும் தலைப்பில் இருக்கும் நிலாவுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு நிலாவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அமாவாசை என்றால் மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலைக்கு. நிலா எப்போது தேயும், எப்போது வளரும் என்பது கண்டக்டருக்குக்கூட மனப்பாடம். அதே நிலாவை உலகத்தில் சிலர் டவராகப் பயன்படுத்துகிறார்கள். நிஜமாகவே.

விஷயம் எளிமையானது. ஒரு ஆன்டெனாவை நிலாவை நோக்கித் திருப்பி ரேடியோ அலையை அனுப்புகிறீர்கள். அது சுமார் 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டர் போய் நிலாவின் மேல் மோதுகிறது. பெரும்பகுதியை நிலா விழுங்கிவிடும். நூற்றில் ஆறோ ஏழோ பங்கு திரும்பித் தெறிக்கும். தெறித்ததிலும் நம் பூமிப் பக்கம் வருவது துளிதான். பூமியில் எந்த மூலையில் இருந்தாலும், அந்த நேரத்தில் நிலா தன் தலைக்கு மேல் தெரிகிற எவரும் அந்தத் துளியைப் பிடிக்கலாம். போக வர இரண்டரை வினாடி. நீங்கள் 'ஹலோ' சொல்லிவிட்டு மூச்சு விட்டு முடிப்பதற்குள் உங்கள் ஹலோ உங்களுக்கே திரும்பி வரும்.

அமாவாசையன்றும் இது நடக்கும். அன்று நிலா நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை, வானத்தில் இருக்கத்தான் செய்கிறது. என்ன, பக்கத்திலேயே சூரியன் இருப்பதால் அதன் ரேடியோ இரைச்சல் கொஞ்சம் தொந்தரவு கொடுக்கும்.

இது கதை அல்ல. 1946 ஜனவரி 10-ஆம் தேதி அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர்கள் ஜான் டிவிட் என்பவரின் தலைமையில் நியூஜெர்ஸியிலிருந்து ரேடார் அலையை அனுப்பி, நிலாவின் எதிரொலியைக் கேட்டார்கள். ஒரு மாசம்கூட ஆகவில்லை. போரில் நொறுங்கிக் கிடந்த ஹங்கேரியில் ஜோல்டான் பே என்ற விஞ்ஞானி, கிடைத்த சாமான்களை வைத்துத் தானும் அதைச் செய்து காட்டினார். 1954-இல் அமெரிக்கக் கடற்படையின் ஜேம்ஸ் டிரெக்ஸ்லர் மனிதக் குரலையே நிலாவில் மோதவிட்டுத் திரும்ப வாங்கினார்.

அடுத்தது முக்கியமான கட்டம். 1960-இல் அமெரிக்கக் கடற்படை வாஷிங்டன் பக்கத்துக்கும் ஹவாய்த் தீவுக்கும் நடுவே நிலா வழியாகவே தகவல் போக்குவரத்து நடத்தியது. ஒரு விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் மாலுமிகள் வரிசையாக நின்று இங்கிலீஷ் எழுத்துக்களாக 'மூன் ரிலே' என்று அமைத்த போட்டோவை நிலா வழியாக அனுப்பிக் காட்டினார்கள்.

ஏன் செய்தார்கள்? பணம் அதிகமாகிவிட்டதா? சூரியனில் புயல் கிளம்பினால் வழக்கமான தொலைதூர ரேடியோ படுத்துவிடும். அந்த மாதிரி நாளில் ஹவாயோடு பேச ஒரு மாற்று வழி வேண்டும் என்று யோசித்தார்கள். பணமும் படையும் உள்ள நாடு, 'முதல் வழி அடைத்தால் என்ன செய்வது?' என்று கேட்டுக்கொண்டு நிலா வரைக்கும் போனது. மழை பெய்தாலே முதல் வழி அடைத்துக்கொள்கிற நம் ஊரில் அந்தக் கேள்வியை யார் கேட்டார்கள்?

நிலா எல்லா நேரமும் தலைக்கு மேல் இருப்பதில்லை என்பதால், சொந்தமாக ஒரு நிலாவைச் செய்தால் என்ன என்று அமெரிக்காவின் நாசா யோசித்தது. 1960 ஆகஸ்ட் 12-ஆம் தேதி எக்கோ என்ற 30 மீட்டர் அகல பலூனை வானத்துக்கு அனுப்பியது. பிளாஸ்டிக் தாளின் மேல் அலுமினியப் பூச்சு. உள்ளே பேச்சை வாங்கி அனுப்பும் கருவி எதுவும் கிடையாது. சும்மா ஒரு பளபளப்பான பந்து. கலிஃபோர்னியாவில் ஒலிபரப்பிய ஜனாதிபதி ஐசன்ஹோவரின் குரல் அதில் பட்டுத் தெறித்து நியூஜெர்ஸியில் கேட்டது. யார் வேண்டுமானாலும் அந்தப் பந்தின்மேல் அலையை வீசலாம், யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். பாஸ்வேர்டு கேட்காத செயற்கைக்கோள்!

1963-இல் அமெரிக்க ராணுவத்துக்காக இன்னொரு கூத்து நடந்தது. இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான, தலைமுடியைவிட மெல்லிய செப்பு ஊசிகள். எத்தனை தெரியுமா? 48 கோடி. அவற்றைப் பூமியைச் சுற்றிவரும்படி விண்வெளியில் தூவினார்கள். அலை பட்டுத் தெறிக்க ஒரு செயற்கை வளையம் வேண்டுமாம். உலகமெங்கும் வானியலாளர்கள் கொதித்துப்போனார்கள். 'வானம் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?' என்பதை நாகரிகமான இங்கிலீஷில் கேட்டார்கள். ஒரு சில நாடுகள் கையில் வானம் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஊசிகள் ஒரு ருசு. அவற்றில் சில கொத்துக்கள் இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அப்புறம் பேச்சை வாங்கி, பெருக்கி, திருப்பி அனுப்பும் நிஜமான தகவல் செயற்கைக்கோள்கள் வந்தன. பலூனும் ஊசியும் மியூசியத்துக்குப் போயின. அதில் தப்பில்லை. செயற்கைக்கோளால் நமக்குக் கிடைத்த நன்மைகள் ஏராளம். புயல் எங்கே வருகிறது என்று சொன்னதே அதுதான். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறந்துவிட்டோம். பலூன் ஒரு கண்ணாடி. செயற்கைக்கோள் ஒரு கடை. கடைக்கு முதலாளி உண்டு, பூட்டு உண்டு, வாடகை உண்டு. ஷட்டரை இறக்கும் அதிகாரமும் அவர் கையில்தான்.

பெரிய கடைகள் திடீரென்று மூடிக்கொண்டதும் உண்டு. 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி உக்ரைன் மேல் ரஷ்யா படையெடுத்த அதே நாள், வயாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையத்தை யாரோ கம்ப்யூட்டர் வழியாகத் தாக்கினார்கள். ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான மோடம்கள் செத்தன. அதே மாதத் தொடக்கத்தில் ஸ்பேஸ்எக்ஸ் ஒரே ராக்கெட்டில் அனுப்பிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38, சூரியப் புயலின் விளைவால் வேலைக்கு வராமலேயே விழுந்தன. அதற்கு முந்தின மாதம் டோங்கா தீவில் எரிமலை வெடித்துக் கடலடிக் கேபிள் அறுந்தது. ஒரு நாடே வாரக்கணக்கில் வெளியுலகத்தோடு சரியாகப் பேச முடியாமல் தவித்தது.

நிலாவை யாரும் ஹேக் செய்ய முடியாது. நிலா திவாலாகாது. 'இந்த வசதி உங்கள் பிளானில் இல்லை' என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு செலவு எழுதிப் பார்க்காமல் நம்புவதில்லை. நிலாக் கணக்கையும் எழுதினேன். பயங்கர நஷ்டக் கணக்கு. ஆன்டெனாவின் உதவியைச் சேர்க்காமல் பார்த்தால், அனுப்பியதில் திரும்பி வருவது ஒன்றுக்குப் பக்கத்தில் 25 பூஜ்யம் போட்டால் வருகிற எண்ணில் ஒரு பங்கு. எந்த பேங்க் மேனேஜரும் இதற்கு லோன் தர மாட்டார்.

இருந்தாலும் இந்தக் கடை ஓடுகிறது. முதலில் பெரிய பெரிய ஆன்டெனாக்களால் ஓடியது. 1960 ஜூலையில் அமெரிக்காவின் இரண்டு கரைகளில் இருந்த அமெச்சூர் ரேடியோக்காரர்கள், அதாவது சம்பளத்துக்காக இல்லாமல் ஆர்வத்துக்காக லைசென்ஸ் வாங்கி வயர்லெஸ் நடத்துகிறவர்கள், நிலா வழியாக முதல்முறை இருவழியாகப் பேசினார்கள். ஆனாலும் ரொம்ப காலத்துக்கு அது வசதி படைத்தவர்களின் விளையாட்டாகத்தான் இருந்தது. அதை மாற்றியவர் ஜோசப் டெய்லர். 1993-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வானத்தில் பல்சர் என்கிற நட்சத்திரங்களின் மெல்லிய துடிப்பை இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்தெடுத்துப் பழகிய மனிதர். அந்த அறிவை வைத்து, காதுக்கே கேட்காத சிக்னலைக் கம்ப்யூட்டர் பிரித்தெடுக்கும்படி ஒரு சாஃப்ட்வேர் எழுதினார். 2001-இல் முதல் பதிப்பு. 2003-இல் நிலாவுக்காகவே ஒரு சங்கேத முறையைச் சேர்த்தார். விலை? ஒரு பைசா கிடையாது. இன்றைக்கும் யாரும் இறக்கிக்கொள்ளலாம். மொட்டை மாடியில் ஒற்றை ஆன்டெனாவும் சுமாரான சக்தியும் வைத்திருப்பவர்கூட, எதிர்முனையில் ஒரு பெரிய நிலையம் இருந்தால் நிலா வழியாகத் தொட்டுவிட முடிகிறது.

அந்த முறையில் நிமிடத்துக்கு ஒரு செய்தி. செய்திக்கு அதிகபட்சம் 13 எழுத்து. அவ்வளவுதான். 'கோலியனூர் எஸ்ஓஎஸ்' என்று இங்கிலீஷில் அடித்துப் பாருங்கள். இடைவெளியோடு சேர்த்து சரியாக 13.

இப்போது ஒரு வாசகர் கையைத் தூக்குவது தெரிகிறது. 'சார், வெள்ளத்தில் முழுகும்போது நிமிடத்துக்கு 13 எழுத்தா? அதுவும் நிலா உதிக்கும் வரைக்கும் காத்திருக்கணுமா?'

நியாயமான கேள்வி. நிலாவை நம்பி வெள்ள நிவாரணம் நடத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்திலேயே ஒரு கூரை இருக்கிறது. தரையிலிருந்து நூறு கிலோமீட்டரிலிருந்து சில நூறு கிலோமீட்டர் உயரம் வரைக்கும் அயனி மண்டலம் என்று ஒரு படலம். குறிப்பிட்ட சில அலைவரிசைகளை அது கீழே திருப்பி அனுப்பும். ரேடியோ அலையை ஏறக்குறைய நேர் மேலே அனுப்பினால், குடை விரித்த மாதிரி சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு வந்து விழும். நடுவில் மலை இருந்தாலும் சரி, வெள்ளம் இருந்தாலும் சரி. வேண்டியது ஒரு ரேடியோ, ஒரு கார் பேட்டரி, இரண்டு தென்னை மரத்துக்கு நடுவே 20 மீட்டர் கம்பி. கோலியனூர் ஒன்றிய அலுவலகத்திலிருந்து சென்னைக்கோ நாகப்பட்டினத்துக்கோ பேசலாம். நடுவில் ஒரு டவர் வேண்டாம், ஒரு அடி கேபிள் வேண்டாம்.

ஆனால் அந்த ரேடியோவின் முன்னால் உட்கார ஒரு ஆள் வேண்டுமே! எந்த நேரத்துக்கு எந்த அலைவரிசை எடுபடும், கம்பியை எவ்வளவு உயரத்தில் கட்டுவது, இரைச்சலுக்குள் மறைந்திருக்கும் குரலை எப்படிப் பிடிப்பது? இது தெரிந்த ஆள் கோலியனூர் ஒன்றியத்தில் எத்தனை பேர்? உங்கள் ஒன்றியத்தில் எத்தனை பேர்? என் வாதம் இந்த ஆளைப் பற்றித்தான். நிலாவில் அலையை மோதவிடுவது இந்தக் கலையில் எம்.பில். மாதிரி. அதைப் பாஸ் பண்ணியவனுக்கு வெள்ளத்தில் பேசுவது அரிச்சுவடி. கருவி வாங்க டெண்டர் விடலாம். ஆளுக்கு டெண்டர் விட முடியாது. வருஷக்கணக்கில் வளர்க்கத்தான் முடியும்.

இந்த மாதிரி ஆட்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1924-இல் சென்னையில் அரசாங்கம் ரேடியோ ஆரம்பிக்கவில்லை. சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளரும் ஆர்வலர்களும் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஒன்றை ஆரம்பித்து, அந்த ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். 1927-இல் பணமில்லாமல் மூடினார்கள். அவர்கள் விட்டுப்போன கருவியை வைத்துத்தான் 1930-இல் மாநகராட்சி ஒலிபரப்பை மறுபடி தொடங்கியது. 'பொழுதுபோக்கு' என்று நீங்கள் ஒதுக்குகிற ஆட்கள்தான் இந்த ஊருக்கு ரேடியோவையே காட்டினார்கள்.

2004 டிசம்பரில் ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு ஒன்று, பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் அந்தமானுக்குப் போயிருந்தது. சுமார் 17 ஆண்டுகளாக அங்கிருந்து அமெச்சூர் ரேடியோவுக்கு அனுமதி இல்லை. பல காலம் மன்றாடி வாங்கிய அனுமதி. உலகத்தோடு ஆனந்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 26 காலை சுனாமி. டெலிபோன்கள் செத்தன. அந்த 'பொழுதுபோக்கு' ரேடியோதான் தீவையும் தாய்நாட்டையும் இணைத்தது. உயிரோடு இருப்பவர்கள் பற்றிய செய்தி அதன் வழியாகப் போய்ச் சேர்ந்தது. அனுமதி ஒரு மாசம் தாமதமாகியிருந்தால்?

அதே காலை, கோலியனூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், புதுச்சேரி நல்லவாடு மீனவ கிராமம். அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஏற்படுத்திய தகவல் மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. சிங்கப்பூரில் இருந்த ஓர் ஊர்க்காரர் டி.வி.யில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் ஓடிப்போய் ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஊரே வெளியேறியது. வீடுகள் இடிந்தன, படகுகள் போயின, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தார்கள். ஒரே ஒரு தகவல், சரியான நேரத்தில், சேர வேண்டிய காதில். அந்த போன் மட்டும் போகாமல் இருந்திருந்தால் என்று யோசியுங்கள். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு கடற்கரையை விட்டுவைக்கலாமா?

நம்மிடம் திறமை இல்லை என்று யாரும் சாக்கு சொல்ல முடியாது. 2005 மே 5-ஆம் தேதி இஸ்ரோ, அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்காகவே ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பியது. உலகமே இலவசமாகப் பயன்படுத்தியது. 2014-இல் பேட்டரி ஓய்ந்து கண்ணை மூடியது. 2009-இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய அனுசாட், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள். மேலே செயற்கைக்கோள் அனுப்பத் தெரிந்த மாநிலத்தில், கீழே கம்பி கட்டத் தெரிந்த பையன்கள் ஏன் இவ்வளவு குறைவு?

காரணம் நம் படிப்பு. தமிழ்நாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ். எலெக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன் இல்லாத காலேஜ் அபூர்வம். ஆன்டெனா என்று ஒரு பேப்பர் உண்டு. ஃபார்முலா உண்டு, பதினாறு மார்க் கேள்வி உண்டு. ஆனால் கொத்தனார் இடுப்பில் இருக்கும் இரும்பு டேப்பை வெட்டி, பி.வி.சி. பைப்பில் கட்டி, கையில் பிடித்துக்கொண்டு மேலே போகும் செயற்கைக்கோளைக் கேட்டுப் பார்த்தவன் எத்தனை பேர்? அந்த ஆன்டெனாவுக்கு ஆகும் செலவு, பரீட்சைக்கு முந்தின ராத்திரி அடிக்கும் ஜெராக்ஸ் செலவைவிட ரொம்ப அதிகமில்லை. நீச்சலில் கோல்டு மெடல் வாங்கியும் தண்ணீரில் இறங்காதவர்களைத் தயாரிக்கிறோம்.

இன்னொரு காரணம், பயம். தமிழ்நாட்டுக் கடலோரத்தில் வயர்லெஸ் என்றாலே போலீஸ் புருவம் உயரும். 1980, 90-களின் வரலாறு அப்படி. அந்தக் கவலையை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அமெச்சூர் ரேடியோ என்பது திருட்டு வயர்லெஸ் அல்ல. மத்திய அரசு நடத்தும் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, அரசு கொடுத்த அடையாளக் குறியைச் சொல்லிக்கொண்டு, ஊரே கேட்கும்படி வெளிப்படையாகப் பேசுவது. ராஜீவ் காந்தியே வி.யு.2.ஆர்.ஜி. என்ற குறியோடு லைசென்ஸ் வைத்திருந்தவர்தான். ஒளிந்து பேச நினைப்பவன் பெயரும் முகவரியும் கொடுத்துப் பரீட்சை எழுத வரிசையில் நிற்க மாட்டான். பன்னிரண்டு வயதிலிருந்தே எழுதலாம். உங்கள் பிள்ளை அபாகஸ், கீபோர்டு, ஹிந்தி என்று மூன்று கிளாஸ் போகிறது. நாலாவதாக இது வேண்டாம் என்று யார் சொன்னார்கள்?

'அதிகாரிகளிடம் சேட்டிலைட் போன் இருக்குமே' என்பீர்கள். இருக்கட்டும், நல்லது. ஆனால் கலெக்டர் கையில் இருக்கும் போன், தீவு மாதிரி தனித்துப்போன கிராமத்தின் செய்தியை எப்படிக் கேட்கும்? பேரிடரில் தகவல் மேலேயிருந்து கீழே வருவதைவிட, கீழேயிருந்து மேலே போவதுதான் முக்கியம். எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது, எந்த வீட்டில் பிரசவ வலி, யாருக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது... இதெல்லாம் கீழே இருப்பவனுக்குத்தான் தெரியும். அவன் கையில் என்ன கொடுத்திருக்கிறோம்?

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. கடலோர மாவட்டங்களின் ஒவ்வொரு ஒன்றிய அலுவலகத்திலும் ஒரு ரேடியோ, ஒரு பேட்டரி, ஒரு சோலார் தகடு, ஒரு கம்பி. ஒன்றியத்துக்கு ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் அமெச்சூர் ரேடியோ மன்றம். என்.எஸ்.எஸ்., என்.சி.சி. மாதிரி இதற்கும் ஒரு சீருடை, ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போங்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒன்றின் மொட்டை மாடியில் நிலாவைப் பார்த்து ஒரு ஆன்டெனா நிற்கட்டும். நம் மாணவன் ஒருவன், பிரேசிலிலோ ஜப்பானிலோ இருப்பவரின் 13 எழுத்தை நிலாவிலிருந்து இறக்கட்டும். அந்த ராத்திரிக்கு அப்புறம் அவனுக்குத் தன் படிப்பின் மேல் வருகிற காதலை எந்த வளாக நேர்முகத் தேர்வும் தர முடியாது. அடுத்த புயலில் அவன்தான் ஒன்றிய அலுவலகத்தில் உட்காருவான்.

வருஷா வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி நினைவாக மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், கடலில் பால் ஊற்றுகிறோம். செய்யுங்கள். கூடவே ஒரு ஒத்திகையும் நடக்கட்டும். அன்று ஒரு மணி நேரம், மரக்காணத்திலிருந்து கோலியனூர் வரைக்கும் எந்த அதிகாரியும் செல்போனைத் தொடக்கூடாது. ரேடியோவில் மட்டும் பேசி, ஒரு கற்பனை வெள்ளத்தைச் சமாளித்துக் காட்டட்டும். முதல் வருஷம் கேவலமாகத்தான் இருக்கும். பரவாயில்லை. நிஜ வெள்ளத்தில் கேவலப்படுவதைவிட ஒத்திகையில் கேவலப்படுவது எல்லா விதத்திலும் மலிவு.

அரசாங்கம் தானாகச் செய்யுமா? செய்யாது. வாக்காளர் கேட்காத எதையும் எந்த அரசாங்கமும் செய்ததில்லை. நீங்கள் கிராமத்து ஆள் என்றால், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை எல்லாம் கேட்டு முடித்த பிறகு எழுந்து நின்று கேளுங்கள்: 'டவர் செத்தால் நம்ம ஊர்ச் செய்தியை யார், எதில், யாருக்குச் சொல்லப் போகிறார்?' நகரத்து ஆள் என்றால் உங்கள் கவுன்சிலரிடமும், குடியிருப்போர் சங்கத்திலும் கேளுங்கள். பதிலாக ஒரு செல்போன் நம்பரைக் கொடுத்தால், வாங்கிக்கொள்ளாதீர்கள். மறுபடியும் கேளுங்கள்.